உள்தாழ்ப்பாள்

முதன்முதலாக ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரே கிளம்பிவிடும். நல்ல பூட்டாக வாங்கிக்கொள், வாளியில் பெயர் எழுது, சோப்பை வெளியே வைக்காதே, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள். இதில் முக்கால்வாசி நடக்கத்தான் செய்யும். சோப்பு காணாமல் போகும். வெந்நீர் முதலில் எழுந்த இரண்டு மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். ஒரு அறையில் தும்மினால் மூன்றாவது அறையிலிருந்து யாராவது கேலி செய்வார்கள். அதிலும் சின்ன ஹாஸ்டல் என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய ஹாஸ்டலில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். சின்னதில் காலையில் யார் பல் தேய்க்கவில்லை என்பதுகூட ஊர்ச்செய்தி. இவ்வளவும் சொல்கிறவர்கள் கதவைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். கதவு என்று ஒன்று இருக்கத்தானே போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது, அதனால் அப்படி.

இவள் வீட்டில் இருந்ததில்லை. தெருக்கதவு ஒன்று உண்டு. சாத்தினால் உள்ளே இருட்டாகிவிடும் என்று அது பகலெல்லாம் திறந்தே கிடக்கும். உள்ளே ஒரே அறை. லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் அப்பா, சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா, அண்ணன், தம்பி, புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட அக்கா, நடுவில் இவள். துணி மாற்ற வேண்டுமானால் “திரும்பிக்கோங்க” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்ல முடியாது. குழந்தையின் முகத்தைக்கூட அக்கா தன் தோளில் சாய்த்துக்கொள்வாள். ஆனாலும் தினமும் தன் குடும்பத்தின் முதுகைப் பார்த்துப் பார்த்து வளர்கிற பெண்ணுக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று இறுகித்தான் போகும். துணி மாற்றுவதற்குத் திரும்பச் சொல்லலாம். அழுவதற்கு அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் அவள் அழுவதையே நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டில் ஆளாளுக்கு ஒரு சந்தோஷம். கணக்குப் படித்தால் பேங்கில் வேலை என்று அப்பாவுக்கு. படுக்க இன்னும் கொஞ்சம் இடம் என்று தம்பிக்கு. அவளுடைய சந்தோஷம் வேறு. ஹாஸ்டலில் சேர்க்க அம்மாதான் கூட வந்தாள். பஸ்ஸில் பாதி நாள் போகிற தூரம், தினமும் போய் வருகிற கதையெல்லாம் நடக்காது. ஹாஸ்டல் இருந்தால்தான் படிப்பு, இல்லையென்றால் அம்மா, அக்காவோடு சேர்ந்து அவளும் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க வேண்டியதுதான்.

“ஹாஸ்டல்ல எனக்குக் கதவு இருக்கும்மா” என்றாள் பஸ்ஸில்.

“கதவை வச்சு என்ன பண்ணப் போற?”

“சாத்தப் போறேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் இறங்குகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் என்றால் கல்லூரிக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீடு. எப்போதோ யாரோ அதிகாரி குடியிருந்தாராம். முதலாண்டுப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஆறு அறை, அறைக்கு இரண்டு பேர், மாடிப்படி ஏறினதும் வார்டன் அறை, கீழே சமையலறையும் சாப்பாட்டுக்கூடமும். இவள் அறைத்தோழி ஒரு மருந்துக்கடைக்காரர் மகள். பெட்டி நிறைய மாத்திரையோடு வந்து இறங்கியதால் முதல்நாளே அவளுக்கு ‘மருந்துக்கடை’ என்று பேர் விழுந்துவிட்டது. இவளுக்கும் அன்றைக்கே விழுந்தது. பழக்கதோஷத்தில் சட்டையை எடுத்துக்கொண்டு “திரும்பிக்கோங்க” என்று இவள் சொல்ல, இருப்பதே ஒரு ஆள், அந்த ஒரு ஆளும் விழுந்து விழுந்து சிரித்துக் கீழே போய்ச் சொல்ல, சாப்பிட உட்காரும்போது இவள் ‘திரும்பு’ ஆகியிருந்தாள்.

அம்மா கிளம்பினதும் அவள் செய்த முதல் காரியம் கதவைச் சாத்தியது. கெட்டியான, கனமான மரக்கதவு. சாத்திவிட்டுக் கையைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோனால் அங்கே தாழ்ப்பாள் இல்லை. நாலு சின்ன ஓட்டைகள் இருந்தன. யாரோ பற்பசையை அப்பி அடைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தாள். பூட்டு மாட்டுகிற கொண்டி சுத்தமாக எண்ணெய் போட்டு இருந்தது. அதாவது இந்த அறையை வெளியிலிருந்து பூட்டலாம், உள்ளேயிருந்து முடியாது. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மருந்துக்கடைக்கு ஒன்றும் புரியவில்லை. எங்க வீட்ல எனக்குத் தனி ரூம், ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்ல, அது எந்தப் பக்கம் இருக்குன்னுகூட ஞாபகம் இல்ல என்றாள். இருக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

வார்டன் அந்தக் காலத்தில் விளையாட்டு டீச்சர். ஐம்பதைத் தாண்டியும் கேன்வாஸ் ஷூவை விடவில்லை. அதனால் அவர் வருகிற சத்தமே கேட்காது. சாயங்காலம் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் காலால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். தட்டுகிற வழக்கம் கிடையாது. என் பிள்ளைங்க ரூமுக்குப் போக நான் எதுக்குத் தட்டணும் என்பது அவர் கட்சி. உள்ளே வந்து மேசையைப் பார்ப்பார், போர்வையைத் தூக்கிப் பார்ப்பார், ஜன்னலைத் திறந்துவிடுவார், போய்விடுவார். அந்த நேரம் யாராவது பாதித் துணியோடு நின்றால் “நான் பாக்காததா?” என்பார். ஆள் மோசம் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். மோசமில்லையே. காய்ச்சல் என்று படுத்தால் தானே சூப் வைத்து எடுத்துவந்து, குடிக்கிற வரைக்கும் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். திரும்புவுக்கு அதுதான் தலைவலி. நல்லவர்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

ஆனாலும் போட்டாள். முதல் வாரமே நேரில் போய்த் தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டாள். வார்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்படி என்ன மறைக்கப் போற?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாள்?”

“மறைக்க ஒண்ணும் இல்லன்னாலும் அது என்னோடதுதானே மேடம்.”

இந்த மாதிரிப் பதில் அந்தக் கட்டடத்தில் யாரும் சொன்னதில்லை. வார்டன் டீயைக் கீழே வைத்துவிட்டு, ரூல் ரூல்தான், போய்ப் படி என்றார்.

அடுத்த நாள் வகுப்பு விட்டு வரும்போது திரும்பு ஹார்டுவேர் கடையில் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் ஸ்க்ரூடிரைவரும் வாங்கினாள். பற்பசையைச் சுரண்டி எடுத்துப் பழைய ஓட்டையிலேயே முடுக்கினாள். சாயங்காலம் வார்டன் காலால் தள்ளினார், கதவு அசையவில்லை. திறந்ததும் அவளிடமே ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் இன்னொன்று வாங்கினாள். அதுவும் போனது. மூன்றாவது தடவை வார்டன் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன்னால், இதே ஹாஸ்டலில், காய்ச்சலோடு ஒரு பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் கூப்பிட்டால் பதில் இல்லை. கதவோ இரும்பு மாதிரி. வார்டன் தோளால் இடித்து, நாற்காலியால் அடித்து, கடைசியில் கல்லூரி வண்டி டிரைவர் கடப்பாரையோடு வந்துதான் திறந்தார்கள். பெண் வாயில் நுரை தள்ளிக் கிடந்தாள். பிழைத்துவிட்டாள், இப்போது எங்கேயோ வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நேரத்தை வார்டனால் மறக்க முடியவில்லை. மறுநாளே எல்லா உள்தாழ்ப்பாளையும் தன் கையால் கழற்றிவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சொல்லி முடித்துவிட்டு, இன்னொரு தாழ்ப்பாளைப் பார்த்தால் உன்னை ஹாஸ்டலை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

திரும்புவுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. பரிதாபம் வந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? இரண்டும் அதது பாட்டுக்கு உள்ளே கிடந்தன. அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணினாள். வார்டன் அதற்கு முன்பே பேசிவிட்டிருந்தார். ஒரு தாழ்ப்பாளுக்காகப் படிப்பைத் தொலைக்கப் போறியா, கொஞ்சம் அனுசரிச்சுப் போடி என்று அம்மா கெஞ்சினாள். அம்மா கெஞ்சினால் அவளுக்குத் தாங்காது. தானே தாழ்ப்பாளைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டாள். அதோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

முடிந்தே போயிருக்கும். ஆனால் கல்லூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர்களை ஹாஸ்டலுக்கு அழைத்துவந்து சுற்றிக்காட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை வார்டன் மூன்று பேரோடு மாடிக்கு வந்தார். ஒரு அப்பா, ஒரு அம்மா, கூட ஒரு பையன். “ரூமெல்லாம் நல்ல காத்தோட்டமா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே காலால் கதவைத் தள்ளினார். குளித்துவிட்டு வந்து துணி மாற்றிக்கொண்டிருந்த திரும்பு தோளில் துண்டோடு நின்றாள். கதவு சாத்தித்தான் இருந்தது. அவள் வாயிலிருந்து வந்தது பதினெட்டு வருஷத்துப் பழக்கம்: “திரும்பிக்கோங்க.” அந்த அப்பாவும் பையனும் அம்மாவும் சட்டென்று திரும்பினார்கள். வார்டன் திரும்பவில்லை. அவளைப் பார்த்தபடியே, “சரி சரி, சீக்கிரம் மாத்து, இவங்க கப்போர்டு பாக்கணும்” என்றார்.

வந்தவர்கள் கப்போர்டைப் பார்த்தார்கள். நன்றி சொன்னார்கள். கீழே போய் டீ குடித்தார்கள். திரும்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

தாழ்ப்பாளை எடுக்கவில்லை. கதவைக் கழற்றினாள். கீல் ஒவ்வொன்றாக. மருந்துக்கடை முதலில் ஐயையோ ஐயையோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், கதவு சாயப்போவதைப் பார்த்ததும் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அப்புறம் விடவில்லை. இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கி இரண்டு டிரங்குப் பெட்டிமேல் கிடத்தினார்கள். அருமையான மேசை ஆனது. திரும்பு அதன்மேல் புத்தகத்தைப் பரப்பிக் கணக்குப் போட உட்கார்ந்தாள்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வந்த வார்டன் வழக்கம்போல் காலைத் தூக்கினார், தள்ளக் கதவில்லை.

“கதவு எங்க?”

“இதோ இருக்கு மேடம். தாழ்ப்பாள் கூடாதுன்னுதானே ரூல். பாத்துக்கோங்க, தாழ்ப்பாள் இல்ல.”

வார்டன் முகம் சிவந்துவிட்டது. எழுந்திரு என்றார். அவள் எழுந்து நின்றாள். கதவை மாட்டு என்றார். மாட்ட மாட்டேன் என்றாள். தாழ்ப்பாள் இல்லாத கதவை யார் வேண்டுமானாலும் தள்ளலாம், அதுக்கு இந்த மரம் இங்கே எதுக்கு நிற்கணும், இப்படியே எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும் என்றாள். வார்டன் நேரே பிரின்சிபாலைப் பார்க்கப் போனார்.

அவர் போன நேரத்தில்தான் வினை. அடுத்த அறைக்காரிகள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருத்தி வீட்டிலிருந்து வந்த போனில் அழுதுகொண்டிருந்தபோது வார்டன் வந்து போர்வையைத் தூக்கியிருந்தார். இன்னொருத்தி முகப்பருவுக்கு எதையோ பூசிக்கொண்டு படுத்திருந்தபோது வந்து சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் சொல்லிச் சிரித்திருந்தார். அந்த ஒரே ஸ்க்ரூடிரைவர் கை மாறிக்கொண்டே போனது. ஆறு கதவும் இறங்கின. எல்லாரும் பார்க்கட்டும் என்று கீழே சுமந்துபோய்ச் சாப்பாட்டுக்கூடச் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். எல்லாம் ஒரே பழுப்புப் பெயின்ட். எது எந்த அறைக் கதவு என்று ஒரு அடையாளம் வைக்க அங்கிருந்த பன்னிரண்டு கல்லூரி மாணவிகளில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, எண்ணிப் பார்த்தால் சுவரோரம் ஏழு கதவு நின்றது. ஆர்வக்கோளாறில் மருந்துக்கடை வார்டன் அறைக் கதவையும் சேர்த்துக் கழற்றிவிட்டாள். வரிசையாகக் கழற்றிக்கொண்டே போனேன், அதுவும் வரிசையில இருந்துச்சு என்றாள் பாவம்.

பிரின்சிபாலுக்குச் சண்டை சச்சரவு என்றாலே ஆகாது. வந்தார், ஏழு கதவையும் பார்த்தார், முதலில் இதையெல்லாம் மாட்டுங்கள் என்றார். வாட்ச்மேனும் சமையற்காரரும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பழைய வீடு. ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு கோணலில் இருந்தது. எத்தனையோ மழைக்கு உப்பி, எத்தனையோ தடவை இழைத்து, ஒவ்வொரு கதவும் அதனதன் நிலைக்கு மட்டும் பழகியிருந்தது. ஒன்று மேலே இடித்தது, ஒன்று கீழே தட்டியது, ஒன்றில் கீல் பொருந்தவே இல்லை. மூச்சு வாங்கி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மரவேலைக்காரர் கையில் வேறு வேலை வைத்திருந்தார், வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றார். அதுவரைக்கும் ஹாஸ்டல் முழுக்கக் கதவில்லை.

தண்டனையை வார்டன் முடிவுக்கே விட்டுவிட்டு பிரின்சிபால் நழுவிவிட்டார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் வார்டன். சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பு எழுந்தாள். மருந்துக்கடையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

“உங்க கதவைக் கழட்டுனது தப்பு மேடம். அதுக்கு மன்னிச்சிடுங்க.”

வார்டன் காத்திருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“அவ்வளவுதானா?”

“என் கதவைக் கழட்டுனது தப்பில்ல.”

வருகிற சனிக்கிழமை சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பு, வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல் என்றார் வார்டன்.

அம்மாவுக்குப் போன் பண்ணினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அப்பாவையும் பையனையும் பற்றிச் சொன்னாள். திட்டு விழும், அழுகை வரும் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் வெளிச்சத்துல துணி மாத்துனதில்லடி” என்றாள் அம்மா. “யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ கெஞ்சாத. அனுப்புனா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

போனை வைத்த பிறகும் திரும்பு அங்கேயே நின்றாள். படிப்பு போகப்போகிறது என்று அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. அக்காவோடு நிற்கப்போகிற சலவைக் கடை கண்ணில் தெரிந்தது. ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்து, மாடிக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

கதவில்லாத அந்த நாட்களில் ஹாஸ்டல் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒருத்தி அறை விளக்கு மூன்று அறைக்கு வெளிச்சம் போட்டது. போர்வையைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் பறந்தது. உன்னால்தான் என்று இரண்டு பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். வார்டன் பாடு இன்னும் மோசம். அவர் அறை மாடிப்படி உச்சியில், குளியலறைக்குப் போகிற வழியில். பன்னிரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைக்கிற இடத்தைப் பார்த்தார்கள். அந்தக் கருகருவென்ற தலைமுடி பாட்டிலிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட்டார்கள். பார்த்ததைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்க அவர்கள் என்ன துறவிகளா?

திரும்பு மட்டும் பார்க்கவில்லை. அந்த வாசலுக்கு முன்னால் வந்ததும் நிற்பாள். முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு நிலைச்சட்டத்தில் டொக் டொக்கென்று பலமாகத் தட்டுவாள். “போகலாமா மேடம்?” போயேன், யார் வேண்டாம் என்றது என்று உள்ளேயிருந்து எரிந்து விழுவார். திரும்பி வரும்போதும் தட்டுவாள். இதைப் போய் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைதான். கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான், அதை அவள் தினமும் போகும்போதும் வரும்போதும் வீசிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டியபோது எரிச்சல் வரவில்லை. “இரு… ஒரு நிமிஷம்” என்றது குரல். அது வார்டன் குரல் மாதிரியே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். திரும்புவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அழுவதற்கு இடம் இல்லாதவர்கள் அழுகிற சத்தம். எதற்கு அழுதார் என்பது தெரியாது. அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து ஒரு பெண் சோப்பு டப்பாவோடு ஏறி வந்தாள். கையை நீட்டித் தடுத்து அவளைக் கீழே அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து “ம், போ” என்று வந்தது. போனாள். மருந்துக்கடையிடம்கூட இதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மரவேலைக்காரர் வந்து சேர்ந்தார். இழைத்து, தட்டி, கீலை மாற்றி, ஒவ்வொரு கதவையும் அதன் நிலையில் நிறுத்த அரை நாள் ஆனது. திரும்பு டிரங்குப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். வார்டன் வாசலில் வந்து நின்றார்.

“சாமான் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்.”

“எழுந்து வா.”

கதவுக்குப் பக்கத்தில் போனால் மரவேலைக்காரர் கையில் தாழ்ப்பாள். இவள் வாங்கி, வார்டன் பறித்துக்கொண்டு போன அதே தாழ்ப்பாள். அவர் நீளமான ஸ்க்ரூவாக எடுத்து முடுக்கினார். வார்டன் அவளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடச் சொன்னார். போட்டாள். அப்புறம் கதவில் ஒரு உதை விழுந்தது. கட்டடமே அதிர்ந்தது, கதவு அசையவில்லை. வெளியே வார்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு “சின்ன ஸ்க்ரூ போடுங்க” என்றார். இப்படிப் போட்டா நாளைக்கு யார் உதைச்சாலும் பிச்சுக்கிட்டு வந்துடும், இதுக்குப் பேர் தாழ்ப்பாளா என்று மரவேலைக்காரர் மூக்கால் அழுதார்.

“பிச்சுக்கிட்டு வரணும். நான் உதைச்சா வரணும்” என்றார் வார்டன். “உள்ள எவளாவது விழுந்து கிடந்தா நான் போய் நிக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

ஸ்க்ரூ மாறியது. திரும்பு மறுபடி உள்ளே தாழ்ப்பாள் போட்டு ஒதுங்கி நின்றாள். விளையாட்டு டீச்சரின் கால் இன்னும் கால்தான். தாழ்ப்பாள் பிய்ந்து பறந்து மருந்துக்கடையின் தண்ணீர்ப் பாட்டிலில் போய் அடித்தது. மூச்சு வாங்க, தலைமுடி கலைந்து, வார்டன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. எல்லா ரூமுக்கும் இதே மாதிரி போடுங்க என்றார். பெட்டியை அவிழ் என்று அவளிடம் சொன்னார்.

அவள் நகரவில்லை.

“தட்டாம உதைக்கக் கூடாது மேடம்.”

வார்டன் முறைத்தார். இவ்வளவு இறங்கி வந்தவரிடம் இன்னும் பேரம் பேசுகிறாளே என்று மரவேலைக்காரரே தலையில் கைவைத்துக்கொண்டார்.

“தட்டுவேன்” என்றார் வார்டன்.

“பதில் வரலன்னா?”

“மறுபடியும் தட்டுவேன். அப்புறம்தான் உதைப்பேன். போதுமா?”

“போதும்.”

மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடை நூலகத்துக்குப் போயிருந்தாள். திரும்பு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு அறைக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை, யாரும் வரவும் முடியாது. என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள், அழுகை வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நாலு சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

“யாரு?” இந்த வார்த்தையை இதுவரை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

“நான்தான்.”

குரல் தெரியாமல் இல்லை. “நான்தான்னா யாரு?”

வெளியே டீக் கோப்பை தட்டில் லேசாக ஆடியது. “வார்டன்.”

“ரெண்டு நிமிஷம் இருங்க மேடம்.”

அவள் துணி மாற்றவில்லை. எதையும் ஒளித்து வைக்கவில்லை. படுக்கையைக்கூடச் சரி செய்யவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அந்த இரண்டு நிமிஷமும் முழுசாக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு ஆள் காத்துக்கொண்டு நின்றது. அப்புறம்தான் எழுந்து போய்த் திறந்தாள்.